ஹெட் இறக்கியாச்சு, பெரிய வால்வு போடலாமா?

சாட்ஸ்வொர்த் 1.6

அப்பாவின் சிட்டி கோல்ஃப் இது, தென்னாப்பிரிக்காவில் ஓடுகிற வோல்க்ஸ்வாகன். 1.6, கார்புரேட்டர் வண்டி. மூன்று வருடமாக வீட்டு கராஜில் பழைய மெத்தை, காவடிச் சாமான், பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு நின்றது. போன மாதம்தான் இன்ஜினை இறக்கினேன். பிளாக் ரீபோர் முடிந்தது, பிஸ்டனும் வந்துவிட்டது. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் இருக்கும் மூடியை, கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்தபோது அங்கிருந்தவர், "வால்வு உட்கார்ற சீட்டை எப்படியும் வெட்டத்தான் போறோம், 38 மில்லி வால்வைத் தூக்கிட்டு 40 போட்ருவோமே. 1.8 ஜிடிஐயில் வர்றது அதுதானே" என்றார்.

கேட்டதும் ஆசை வந்துவிட்டது. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு நான்கு வாங்கியும் விட்டேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு என் ஹெட்டில் 33, ஜிடிஐயிலும் 33தான், அதில் பேச்சே இல்லை. இரவு படுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. இந்த 1.6-க்கும் 1.8-க்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) ஒன்றே, 81. ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வேறு: என்னுடையது 77.4, அது 86.4. அவ்வளவு பெரிய வயிற்றுக்கு வைத்த வாயை இந்தச் சின்ன வயிற்றுக்கு வைத்தால் என்ன ஆகும்?

தினமும் வேலைக்கு ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி ஹில்கிரெஸ்ட் வரை போகிற வண்டி. ரேஸ் கீஸ் எதுவும் கிடையாது. போட்டவர்கள் யாராவது இருந்தால், போட்ட பிறகு வண்டி எப்படி ஓடியது என்று சொல்லுங்கள். "போடு, சூப்பரா இருக்கும்" என்கிற பதில் பட்டறையிலேயே கிடைத்துவிட்டது.

மெரிபேங்க் மினி

நான் போட்டேன், அனுபவித்தேன்.

1275 மினி. சாதாரண ஹெட்டில் இன்டேக் 33.3, எக்ஸாஸ்ட் 29.2. மினியிலேயே வேகமான வகை கூப்பர் எஸ், அதில் 35.6-உம் 31-உம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கூப்பர் எஸ் அளவு என்று சொன்னால் போதும், மற்ற எதுவும் காதில் ஏறாது. இரண்டையும் வெட்டச் சொன்னேன். அந்த ஹெட்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு வால்வுக்கும் நடுவில் இருக்கிற இரும்பு முதலிலேயே ஒல்லி. எக்ஸாஸ்ட்டையும் பெரிதாக்கிய பிறகு அங்கே மிஞ்சியது ஒரு நகத்தின் அகலம். கூப்பர் எஸ் ஹெட்டுகளே சரியாக அந்த இடத்தில் விரிசல் விடுவதற்குப் பேர்போனவை. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் நான்கு மாதம் ஜோராக ஓடியது. பிறகு ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. வாட்டர் பம்ப் மாற்றினேன், ஹோஸ் மாற்றினேன், மூடிகூட மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டோங்காட்டில் கல்யாண வீட்டுக்குக் குடும்பத்தோடு போகும்போது வெருலம் தாண்டியதும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பட்டுப்புடவையோடு அம்மா ரோட்டோரம் நின்றதை இப்போதும் வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள்.

ஹெட்டை இறக்கித் துடைத்தோம். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடி தூவினார் பக்கத்து வீட்டு அண்ணன். ஐந்து நிமிடத்தில் வெள்ளைப் பொடியில் மூன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வுக்கும் நடுவே தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு எழுந்து வந்தது. அவ்வளவுதான், அந்த ஹெட் பழைய இரும்புக்குப் போனது.

அடுத்த ஹெட்டில் இன்டேக் மட்டும் 35.6, எக்ஸாஸ்ட் பழைய 29.2. எம்ஜி மெட்ரோவில் கம்பெனியே வைத்த கணக்கு இது. இன்றுவரை ஓடுகிறது. உங்கள் கோல்ஃபில் எக்ஸாஸ்ட்டைத் தொடவில்லை என்பதால் இந்தப் பயம் குறைவு. ஆனாலும் இரண்டு சீட்டுக்கும் நடுவில் எவ்வளவு மிஞ்சும் என்று வெட்டும் முன் அளந்துவிடுங்கள்.

லெனேசியா

எங்கள் பக்கத்துக் கதை வேறு. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர். கடலோர டர்பனில் 100 குதிரை காட்டுகிற இன்ஜின் இங்கே எண்பத்துச் சொச்சம்தான் காட்டும். அதனால் இங்கே எல்லோருக்கும் எப்போதும் ஒரு ஏக்கம்: இழந்ததை எதையாவது மாட்டித் திரும்பப் பிடிக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது ஃபோர்டு எஸ்கார்ட் 1600, கிராஸ்ஃப்ளோ இன்ஜின். மாமா பையன் எங்கிருந்தோ ஒரு ஜிடி ஹெட் கொண்டுவந்தான். சாதாரண 1600-இல் இன்டேக் 38, ஜிடியில் 39.4. மாட்டினோம். கார்புரேட்டர் பழையது, வால்வைத் திறக்கிற கேம் பழையது, வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பழையது. பெரிய கதவு வைத்தால் காற்று தானாக வந்துவிடும் என்று நினைத்தோம். வெளியே இருக்கிற காற்றே மெல்லிசு, அது வருகிற குழாயும் பழைய குழாய். கதவு மட்டும் என்ன செய்யும்?

ஓட்டிப் பார்த்ததில் மேலே ஒன்றும் கூடவில்லை. கீழேதான் குறைந்தது. முன்பு ரோபோவில் (டிராஃபிக் லைட்டில்) பச்சை விழுந்ததும் இரண்டாவது கியரில் சும்மா தொட்டால் இழுக்கும். இப்போது ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் இழுத்தது. பிக்கப்புக்காகச் செய்த வேலையில் இருந்த பிக்கப்பும் போனது.

எனக்கு உருப்படியாகப் பலன் தந்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எவ்வளவு நெருக்குகிறது என்பது. அந்த ஹெட் தட்டையானது, குழி பிஸ்டனில் இருக்கும். அதனால் பிஸ்டன் மாற்றிக் கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏற்றினேன். மேட்டில் காற்று குறைவு என்பதால் 93 ஆக்டேன் பெட்ரோலிலேயே தாங்கியது, இழுவையும் திரும்பி வந்தது. ஆனால் அதே டாங்க்கோடு டர்பனுக்கு இறங்கினேன் பாருங்கள். வான் ரீனன் கணவாய் வரை சமத்தாக வந்த வண்டி, மரிட்ஸ்பர்க் நெருங்கியதும் ஏற்றத்தில் மிதித்தால் தகர டப்பாவில் கடலை போட்டுக் குலுக்கின மாதிரி தட்ட ஆரம்பித்தது. கீழே 95 போட்டு, தீப்பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பிய பிறகுதான் சத்தம் அடங்கியது. நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இந்த வித்தை வேண்டாம்.

மரிட்ஸ்பர்க் அக்கா

நான் எதையும் கழற்றிப் போட்டவள் இல்லை, மற்றவர் போட்டதை வாங்கினவள். "பிக் வால்வ் ஹெட்" என்று பெருமையாகச் சொல்லி ஒரு கோல்ஃபை விற்றார்கள். ஒவ்வொரு ரோபோவிலும் நின்றால் உடல் நடுங்கும், ஆக்சிலரேட்டரில் கால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அணையும். மழை நாளில் சர்ச் ஸ்ட்ரீட் நெரிசலில் அழுதிருக்கிறேன். எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். பெரிய வால்வு என்றாலே எனக்கு அந்த நடுக்கம்தான் நினைவு வரும்.

ஃபீனிக்ஸ் லேத்

அக்கா, அந்த நடுக்கத்துக்குப் பெரும்பாலும் கேம்தான் காரணமாக இருக்கும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் அதிகமான கேம் போட்டால் ஐடிலிங் அப்படித்தான் தடுமாறும். பெரிய வால்வு போடுகிறவர்கள் கூடவே அதையும் போட்டுவிடுவார்கள், பழி வால்வு மேல் விழும். வால்வு மட்டும் பெரிதானால் ஐடிலிங் அவ்வளவு கெடாது.

தம்பி, நான் ஹெட் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். வேலையை வேண்டாம் என்று சொன்னால் எனக்குத்தான் நஷ்டம், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். போன வருடம் ஒருவர் உங்களுடையது போலவே ஒரு 1.6 ஹெட் கொண்டுவந்தார். வேறெங்கோ 40 வால்வு போட்டது, "பவரே இல்லை அண்ணா" என்றார். வால்வைக் கழற்றிவிட்டு சீட்டுக்குக் கீழே சுண்டுவிரலை விட்டுச் சுற்றினேன். படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு தட்டியது. கேஜ் வைத்து அளந்தால் தொண்டை, அதாவது சீட்டுக்குக் கீழே உள்ள வழியின் விட்டம், 32.3. வால்வு உட்காரும் இடத்தை வெளிப்பக்கமாக நகர்த்தி வெட்டியிருக்கிறார்கள், அதற்குக் கீழே வழியை அப்படியே விட்டுவிட்டார்கள். வால்வு வளர்ந்திருக்கிறது, வழி வளரவில்லை. சின்னத் தலைக்குப் பெரிய தொப்பி.

கணக்கைப் பாருங்கள். 38 வால்வுக்குத் தொண்டை 32.3 என்றால் 85 சதவீதம். பரப்பு சுமார் 819 சதுர மில்லி. அதே 38 வால்வை வைத்துக்கொண்டு தொண்டையை 88 சதவீதத்துக்கு, அதாவது 33.4-க்குத் திறந்தால் 876 வரும். வால்வே மாற்றாமல் 7 சதவீதம். வால்வைச் சுற்றித் திறக்கிற இடைவெளியோ, 38-ஐ 40 ஆக்கினால் அதே லிஃப்ட்டில் (வால்வு திறக்கிற உயரத்தில்) 5 சதவீதம்தான் கூடும். அதுவும் தொண்டையையும் போர்ட்டையும் (ஹெட்டுக்குள் காற்று வரும் வழியையும்) சேர்த்துத் திறந்தால்தான் பயன். அவ்வளவும் திறந்துவிட்டால் கீழ் ஆர்பிஎம்மில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகக் கலக்காமல் போர்ட் சுவரில் ஈரமாகப் படியும். லெனேசியாக்காரர் சொன்ன அந்த ஒரு நொடி யோசனை எனக்கு இதுவாகத்தான் படுகிறது.

என் கையில் கொடுத்தால் நான் செய்வது இது. முதலில் கைடு, வால்வுத் தண்டு ஏறி இறங்குகிற குழல். கைடு ஆடினால் எந்த சீட்டும் நிற்காது, வெட்டுகிற கருவியே கைடைப் பிடித்துத்தான் சுற்றுகிறது. அப்புறம் மூன்று கோணம்: மேலே 30 டிகிரி, உட்காரும் இடம் 45, கீழே 60. உட்காரும் அகலம் இன்டேக்குக்கு ஒன்றரை மில்லி, எக்ஸாஸ்ட்டுக்கு இரண்டு. ரேஸ்காரர்கள் இன்னும் மெல்லிசாகக் கேட்பார்கள். தினமும் ஓடுகிற வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பகுதி அந்த சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்க வேண்டும், மெல்லிசாக்கினால் வால்வு எரியும். லேப்பிங் செய்து, அதாவது வால்வை சீட்டில் பேஸ்ட் வைத்துத் தேய்த்து, பார்த்தால் சாம்பல் நிற வளையம் ஒரே அகலத்தில், அறுபடாமல் சுற்றி வர வேண்டும். அந்த வளையம் வால்வு முகத்தின் ஓரத்தில் தொங்கக் கூடாது.

மினிக்காரருக்கும் எஸ்கார்ட்காரருக்கும் ஒன்று. வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் தனியாகக் கிடையாது, இரும்பிலேயே வெட்டியது. அந்த சீட்டைத் தேயாமல் காத்த ஈயப் பெட்ரோல் 2006 தொடக்கத்தோடு இங்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஹெட்டுகளுக்கு எக்ஸாஸ்ட்டில் கடின வளையம் போடுவது நல்லது. ஆனால் வளையத்துக்குக் குழி தோண்டும்போது தண்ணீர்ப் பாதையில் போய் முட்டாமல் இருக்க வேண்டும். ஒரு தடவை எனக்கே முட்டியிருக்கிறது, ஹெட்டுக்கு என் காசைத்தான் கொடுத்தேன்.

இத்தனைக்குப் பிறகும் 40தான் வேண்டும் என்றால், ஹெட்டை மூடும் முன் பிஸ்டன் மேல் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை அப்பி, பழைய காஸ்கெட்டோடு ஹெட்டை வைத்து இறுக்கி, டைமிங் பெல்ட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணை வெட்டி அளந்தால் இன்டேக்கில் 2 மில்லியாவது இருக்க வேண்டும், எக்ஸாஸ்ட்டில் 2.5. குறைந்தால் மூடாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் 1.6

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸ் அண்ணன் சொன்ன கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு என் ஹெட்டில் தொண்டையை அளந்தார். நான்கில் மூன்று 32.3, ஒன்று 32 கூட இல்லை. கம்பெனி வார்ப்பு அப்படி! நான்கையும் 33.4-க்குத் திறந்து, புதுக் கைடு, மூன்று கோணம் சீட், அதே 38 வால்வு. எக்ஸாஸ்ட்டில் இரண்டு வால்வு எரிந்திருந்தது, அதை மட்டும் புதிதாகப் போட்டோம். எடுத்து வந்த அன்று ஹெட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு குழியிலும் பெட்ரோல் ஊற்றி மாலை வரை வைத்துப் பார்த்தேன், போர்ட் பக்கம் ஒரு துளி கசியவில்லை.

ரன்னிங்-இன் (புது இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது) இன்னும் முடியவில்லை, அதனால் முழுசாக மிதிக்கவில்லை. ஆனாலும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் முன்பு பாதி ஏற்றத்தில் மூன்றாவதுக்கு இறங்கும் இடத்தை நேற்று நான்காவதிலேயே தாண்டியது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். கியர் மாற்றும் இடம் வந்ததும் பழக்கத்தில் அவருடைய இடது கால் தானாக கிளட்ச்சைத் தேடித் தரையை மிதித்தது. நான் மாற்றவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், "ம்" என்றார்.

நாலு 40 மில்லி இன்டேக் வால்வு பிரிக்காத பெட்டியோடு கையில் இருக்கிறது. கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள். 1.8 வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வாங்கின விலைக்குக் குறைத்தே தருகிறேன்.