பிரமிடு கன அளவு: பொண்ணுக்குப் புரிய வைக்க ஹெல்ப் வேணும்

வணக்கம், கடலூர் ஓ.டி.லேர்ந்து எழுதுறேன். பொண்ணு பத்தாவது. பிரமிடுன்னா அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கி மூணால வகுக்கணும்னு ஃபார்முலா சொல்றா, கணக்கும் போடுறா, ஆனா "ஏம்ப்பா கரெக்டா மூணு?"ன்னு கேக்கறப்ப எனக்கு பதில் சொல்லத் தெரியல.

கீசா பெரிய பிரமிடு கட்டினப்போ பக்கம் 230 மீட்டர், உயரம் சுமார் 146. பக்கத்துலயே காஃப்ரே பிரமிடு, 215, 143. உயரம் மூணு மீட்டர்தானே கம்மின்னு பாத்தா, அது 26 லட்சம் கன மீட்டர் கிட்ட வருது, இது 22 லட்சம்தான்! பக்கம் ரெண்டு தடவ பெருக்குறதால வர்ற வித்தியாசம், அது அவளுக்கு நல்லா புரிஞ்சிடுச்சு.

மூணு சாய்ஞ்ச பிரமிடு சேந்தா ஒரு கனசதுரம்னு படிச்சிட்டு 10 செ.மீ. அளவுல அட்டைல வெட்டுறோம். முனை ஒரு மூலைக்கு நேர் மேல வரணும், அதனால ரெண்டு முக்கோணம் 10, 10, 14.1, மத்த ரெண்டும் 10, 14.1, 17.3. ஒட்டி சேத்தா நடுவுல வெரல் நுழையற இடைவெளி. மூணும் ஒரே மாதிரி வெட்டினா போதுமா, இல்ல ஒண்ண கண்ணாடில தெரியற மாதிரி திருப்பி வெட்டணுமா?

அதே அடி, அதே உயரத்துல முனை நடுவுல வர்ற பிரமிடும் செஞ்சு தேவனாம்பட்டினம் மணல் ரொப்பிப் பாத்தோம், ரெண்டுலயும் ஒரே அளவுதான் புடிக்குது. சாய்ஞ்சாலும் ஏன் மாறலன்னு எப்படி விளக்குறது? பாண்டில யாராச்சும் டீச்சர் மாடல் வச்சிருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் பஸ் ஏறி வந்துடறோம்.