நெடுஞ்சாலையில் தள்ளாடும் கேரவன்: பெங்களூரு உறுப்பினர்களின் அனுபவங்கள்

பானஸ்வாடியிலிருந்து:

கிருஷ்ணகிரிச் சாலையில் கண்டெய்னர் லாரி முந்திச் செல்லும்போது தம் கேரவன் (உள்ளே தங்கும் வசதி அமைத்த வண்டி) முதலில் இடப்புறம் தள்ளப்பட்டு, அடுத்த கணமே லாரியின் பக்கம் இழுக்கப்படுவதாகவும், பின்பட்டையில் (பின்பக்கப் பாரத்தைத் தாங்கும் அடுக்குத் தகட்டு வில்லில்) ஒரு பிளேட் கூட்டினால் இது சரியாகுமா என்றும் நண்பர் ஒருவர் இங்கே கேட்டிருந்தார். எங்கள் வண்டிக்கும் இதே தொல்லை இருந்து, இப்போது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பட்டையில் கை வைப்பதற்கு முன் வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள் என்பதே என் பதில்.

எங்களுடையது டெம்போ டிராவலரின் அடிச்சட்டத்தில் கட்டிய கேரவன். முந்தைய உரிமையாளருக்கு அதைக் கட்டிக் கொடுத்தவர்கள், இடம் மிச்சமாகும் என்பதற்காகத் தண்ணீர்த் தொட்டி, பேட்டரி இரண்டையும் பின்கதவை ஒட்டி வைத்திருந்தார்கள். கலாசிபாளையத்துக்கு அருகில் நெடுங்காலமாகப் பட்டை வேலை செய்துவரும் தருமபுரிக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினார். பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சான பின் ஆக்சிலின் மேல் உள்ள தடுப்பு ரப்பர் தேய்ந்து ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்த ரப்பர் இடிக்கும் இடத்தில் மட்டும் ஆக்சிலின் மேலிருந்த துருவும் மண்ணும் உதிர்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்து அங்கே அடிக்கடி இடித்ததன் அடையாளம் அது. “பட்டையில குறை இல்லை சார், பாரம் வைத்த இடத்தில்தான் குறை. முதல்ல முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு எடை போட்டுட்டு வாங்க” என்று சொல்லி, வேலை எதுவும் செய்யாமலும் பணம் வாங்காமலும் அனுப்பிவிட்டார். கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் அத்தகைய நேர்மை எனக்குப் பெரிய மதிப்பாகப் பட்டது.

பயணம் போகும் நிலையிலேயே, அதாவது தொட்டி நிறையத் தண்ணீர், எரிவாயு உருளை, துணிமணி, குடும்பத்தார் அனைவருடனும், எடை போட வேண்டும். முதலில் முழு வண்டியையும், பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும், அதன்பின் பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தியும் மூன்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த எடையை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அளவோடும், ஆக்சில் எடைகளைத் தயாரிப்பாளர் குறித்துள்ள வரம்போடும் ஒப்பிட வேண்டும். மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் மட்டும் வரம்பை மீறியிருப்பது கேரவன்களில் அடிக்கடி காண்பதுதான்.

இதன் கணக்கு எளியது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.7 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 150 லிட்டர் தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீரின் எடை 150 கிலோதான் என்றாலும், நெம்புகோல் போல அது முன்பக்கத்தைத் தூக்குவதால், பின் ஆக்சிலில் ஏறத்தாழ 199 கிலோ கூடும், முன் ஆக்சிலில் 49 கிலோ குறையும். வண்டியைத் திருப்புகிற முன்சக்கரங்களின் பிடிப்பு தளர்ந்துபோனால், பக்கவாட்டில் வரும் ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது. இந்நிலையில் பட்டையில் ஒரு பிளேட் கூட்டினால் பின்பக்கம் உயரும், ஆனால் பாரம் அதே இடத்தில்தான் இருக்கும். தொட்டியையும் பேட்டரியையும் இரு ஆக்சில்களுக்கும் நடுவே கொண்டுவந்து, தொட்டியினுள் தண்ணீர் அலையாதபடி தடுப்புத் தகடு வைத்த பிறகுதான் எங்கள் வண்டி நேராக ஓடத் தொடங்கியது. கழிவுநீர்த் தொட்டியின் இடத்தையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும், ஏனெனில் காலையில் நடுவில் இருந்த நல்ல தண்ணீர்தான் மாலையில் அந்தத் தொட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

அதற்கடுத்து ஷாக் அப்சார்பர். பட்டை பாரத்தைத் தாங்கும். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஆயில் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஜே.சி. சாலைக் கடைகளில் வாங்கும்போது, சாதாரண வேனுக்கானதைக் கேட்காமல், உங்கள் எடைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பட்டையின் முனையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ் தேய்ந்திருந்தாலும் வண்டி பின்னால் நெளியும். அது சிறு செலவுதான். வீல் அலைன்மென்ட்டையும் வெறும் வண்டியாகக் கொண்டுபோய்ச் செய்யாமல், பாரத்தோடு செய்யச் சொல்லுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து:

அண்ணன் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். டயரைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கேரவன் மாதக்கணக்கில் நின்றே கிடப்பதால், அதன் டயர் தேய்வதற்கு முன்பே முதுமை அடைந்துவிடுகிறது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3219 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்த டயர். எங்கள் வண்டியில் டயரின் பட்டன் (தரையில் படும் வரிப் பகுதி) புதிது போல ஆழமாக இருந்தும், பக்கச்சுவரில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் இருந்தன. அவற்றோடு தருமபுரி–சேலம் சாலையின் தொப்பூர்க் கணவாயில் இறங்க மனம் ஒப்பாமல் எல்லாவற்றையும் மாற்றினேன். வாங்கும்போது பாரக் குறியீட்டையும் கவனியுங்கள். 107 என்றால் ஒரு டயருக்கு 975 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. பின் ஆக்சிலில் இரட்டைச் சக்கரம் உள்ளவர்கள் உள்பக்க டயரின் காற்றைப் பார்க்காமல் விடுகிறார்கள். அங்கே காற்று குறைந்தால் பாரம் முழுவதும் வெளி டயரின் மேல் விழுகிறது. காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

தொப்பூரைச் சொன்னதால் பிரேக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்து, ஆவி உண்டாகி, பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடும். வண்டி ஓடவே இல்லை என்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி, இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்து, எஞ்சின் பிடியிலேயே இறங்க வேண்டும். சத்தியமங்கலம் அருகே உள்ள திம்பம் மலைச்சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் இப்படித்தான் இறங்குகிறேன்.

அல்சூரிலிருந்து:

கூரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏ.சி., சோலார் தகடு, பொருள் வைக்கும் கேரியர் என்று மேலே ஏற்றிக்கொண்டே போனால் வளைவில் வண்டி சாய்வது கூடும். அதைக் குறைக்க ஆன்டி-ரோல் பார் (சாய்வைத் தடுக்கும் இரும்புத் தண்டு) உதவும் என்றாலும், கேரியரில் இருப்பதைக் கீழே இறக்குவதற்குச் செலவே இல்லை. சோலார் தகட்டின் திருகு துளைகளை அடைக்கும் பசையான சீலன்ட் காய்ந்து பிளந்தால் மழைநீர் பிளைவுட்டுக்குள் இறங்கிவிடும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை வலுக்கும் என்றாலும், நான் கோடை மழைக்கு முன்பே ஏறிப் பார்த்து, உள்கூரையின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று அமுங்கினால் அங்கே பலகை உளுத்துவிட்டது என்று பொருள். பழைய சீலன்ட்டின் மேலேயே புதியதைப் பூசாமல், முழுவதும் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டுத்தான் பூச வேண்டும்.