மலையில் ஓட்ட பழைய வண்டி: டீசல் ஸ்விஃப்ட், ஜிப்ஸி, ஃபிகோ

கோத்தகிரி:

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசல் கார்களை மொத்தமாக நிறுத்திவிட்டது. கோவையில் இருக்கிற என் மைத்துனருக்கு அது பேப்பரில் படித்து மறக்கிற செய்தி. மேட்டுப்பாளையத்தில் அரிசி மூட்டை, மளிகையெல்லாம் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு மேலே வருகிற எனக்கு அப்படி இல்லை. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஊட்டி உயரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இழுவையை இழந்துவிடும். டீசல் ஸ்விஃப்டில் இருக்கிற டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளி அந்தக் குறையைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். அதனால்தான் புது பெட்ரோல் காரை விட்டுவிட்டு 2014 மாடல் டீசல் ஸ்விஃப்ட் வாங்கினேன்.

நிறுத்திய வண்டியாச்சே, பார்ட்ஸ் கிடைக்குமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. டிசையர், ரிட்ஸ், எர்டிகா, ஃபியட் புன்ட்டோ, டாடா இண்டிகா விஸ்டா என்று ஊரெல்லாம் ஓடியது இதே இன்ஜின்தான். இதைப் பிரித்துப் பூட்டாத பட்டறை நம் பக்கத்தில் குறைவு. பழைய வண்டி எடுக்கிறவர்கள் மாடல் நின்றுபோனதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதே இன்ஜின் வேறு எந்தெந்த வண்டியில் இருக்கிறது என்று விசாரியுங்கள், அதுதான் முக்கியம்.

வண்டியைப் பார்க்க விடிகாலையிலேயே போனோம், பட்டறை அண்ணனும் நானும். அவர் முதலில் செய்தது பேனட் மேல் உள்ளங்கையை வைத்ததுதான். சூடாக இருந்தால், நாம் வருமுன்னே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பனி ஈரத்தோடு ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பி, டீசல் இன்ஜினைச் சூடேற்றுகிற க்ளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்தார். உடனே பிடித்துக்கொண்டது, புகையும் அதிகம் இல்லை.

அப்புறம் டிரைவர் பக்கத்துக் கார்பெட்டைத் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சு சொதசொதவென்று ஊறி, மக்கல் வாடை அடித்தது. எங்கிருந்து தண்ணீர் என்று தேடினால், வைப்பருக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் சில்வர் ஓக் இலை மக்கிப்போய், தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்திருந்தது. மழையும் மிஸ்டும் விடாமல் பிடிக்கிற ஊரில் அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும், உள்ளேதான் இறங்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தகட்டை அங்கங்கே குத்திப் பார்த்தார். மேலாகத் துரு ஏறியிருந்தது, தகடு கெட்டியாகவே இருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்தோம்.

ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு முடிவு செய்யாதீர்கள். நாங்கள் குஞ்சப்பனை வரை இறங்கி ஏறினோம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது முன் சக்கரத்தில் டக் டக்கென்று சத்தம். ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. சமவெளி வண்டி எப்போதாவதுதான் அப்படி ஒடித்துத் திரும்பும், நம் வண்டிக்கு அது தினசரி வேலை. அதே மாதிரிதான் கிளட்சும் பிரேக்கும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய மலை வண்டி என்று சொல்லி விலை கூட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியை எடுத்துப் பாருங்கள். கிளட்ச் நழுவினால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஓட்டும்போது ஒரு விஷயம். இந்த இன்ஜினுக்கு 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இழுவை குறைவு. ஆள் நிறைய இருந்தால் வளைவில் செகண்ட் கியரில் தவிக்க விடாமல் ஃபர்ஸ்ட் போட்டுவிடுங்கள். இறக்கத்தில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியர்.

பெருமாள்மலை, கொடைக்கானல்:

அண்ணா, இன்ஜின் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி, ஃபோர் வீல் ஜீப். 1985-ல் வந்தது, 2019-ல் நிறுத்தினார்கள். 1,300 சிசி இன்ஜின் எஸ்டீம் காரின் குடும்பம், ராணுவமும் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறது, அதனால் பார்ட்ஸுக்கு இன்றுவரை குறை இல்லை. 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து தெளிக்கிற வண்டியாகப் பார்த்து எடுத்தேன். கார்புரேட்டர் வண்டி கீழே டியூன் பண்ணியிருந்தால் மேலே வந்ததும் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக் கரும்புகை விடும்.

2023-ல் மாருதியின் ஜிம்னி வந்தபோது ஆசையாகப் போய்ப் பார்த்தேன். நல்ல வண்டி, காயில் ஸ்பிரிங், சொகுசாகப் போகிறது. ஆனால் பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்ற ஜிப்ஸியின் பின்பக்கம் மாதிரி வருமா? அங்கே பக்கவாட்டு சீட்டை மடக்கினால் வெறும் தகடுதான், சேறானால் கழுவிவிடலாம்.

ஜிப்ஸி எடுக்கிறவர்கள் பின் பட்டை ஸ்பிரிங் சேஸிஸோடு சேருகிற இடத்தைப் படுத்துப் பாருங்கள், துரு அங்கேதான் தின்னும். ஃபோர் வீல் போடுவதற்காக முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பை கையால் திருப்பி லாக் பண்ணிப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஃபோர் வீல் போடாத வண்டியில் அது இறுகிப்போயிருக்கும். எனக்கு டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது. அப்புறம் பேப்பர். 15 வருஷம் ஆனால் வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணமே 10,000 ரூபாய். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால் ஏலக் காகிதம் கையில் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குன்னூர்:

ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி. எனக்கு ஒரு டீசல் ஃபிகோ வருகிறது. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்துவிட்டார்களே, துணிந்து எடுக்கலாமா?

கோத்தகிரி:

தம்பி, ஓட்டத்துக்கு அது நல்ல வண்டி, ஸ்டியரிங் பிடித்துப் பார்த்தாலே தெரியும். 2015-க்கு முந்தைய மாடல் என்றால் நம்ம மறைமலை நகரில் செய்தது. ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் கிடைக்கும். நான் பயப்படுவது பாடி சாமான்களுக்குத்தான். வேறு கம்பெனி வண்டியின் ஹெட்லைட்டும் பம்பரும் அதில் உட்காராது. ஹெட்லைட் கண்ணாடி மங்கியிருந்தாலோ உள்ளே நீர் கோத்திருந்தாலோ, மாற்று லைட் கிடைக்குமா என்று கடையில் போன் பண்ணிக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். பர்லியாறு தாண்டி மிஸ்ட் இறங்கினால் அந்த லைட்டை நம்பித்தான் வர வேண்டும். பார்க்கப் போகிற நாளைச் சொல்லுங்கள், நானும் ஜாக்கி, டார்ச்சோடு வந்துவிடுகிறேன்.