வெஸ்டர்ன் கதையில் கிறுக்கு விஞ்ஞானிகள்: சிரிப்பே வரவில்லை, என்ன செய்யலாம்?

செம்மண்காடு:
1870களில் அமெரிக்காவின் வயோமிங்கில் நடக்கிற மாதிரி ஒரு நகைச்சுவைக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷெரீஃபும் கொள்ளைக்காரனும் கிடையாது, மோதிக்கொள்வது இரண்டு விஞ்ஞானிகள். ஒருவர் நீராவியில் ஓடும் குதிரை செய்கிறார், மற்றவர் அதற்கு வெடி வைக்கிறார். படித்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. எங்கே உதைக்கிறது?

எலும்புப்பொறுக்கி:
குதிரையைத் தூக்கிப் போடுங்கள், நிஜத்தில் நடந்த கூத்தே போதும். யேல் பல்கலைக்கழகத்து மார்ஷும் பிலடெல்பியாவின் கோப்பும் டைனோசர் எலும்புக்காக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டவர்கள். கோப் 1869-ல் எலாஸ்மோசாரஸ் என்ற நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனத்தின் தலையை வால் நுனியில் பொருத்தி அச்சிட்டுவிட்டு, விஷயம் வெளியானதும் அந்தப் பிரதிகளைத் தேடித் தேடித் திரும்ப வாங்கப் பார்த்தார். அப்புறம் 1877-ல் வயோமிங்கின் கோமோ பிளஃப் என்ற இடத்தில் எலும்பைப் பார்த்த ரயில்வே ஆட்கள் இருவர், யாருக்கும் தெரியக் கூடாதென்று பொய்ப் பெயரில் மார்ஷுக்குக் கடிதம் போட்டார்கள். அவரும் நம்பி அதே பெயருக்குக் காசோலை அனுப்பிவிட்டார். எப்படி மாற்றுவது? கையில் பணம் இருந்தும் இல்லாமல் நின்றார்கள். அந்த ஒரு காட்சிக்கே ஒரு அத்தியாயம் கொடுக்கலாம். தோண்டி முடித்த குழியில் மிஞ்சிய எலும்பு எதிராளிக்குக் கிடைத்துவிடக் கூடாதென்று உடைத்துப் போட்டதும் உண்டு, அது சிரிக்கிற விஷயமா என்று தெரியவில்லை.

கட்டுக்கடுதாசி:
கதையைச் சொல்வது யார்? நானாக இருந்தால் தந்தி குமாஸ்தாவைச் சொல்ல வைப்பேன். புது விலங்குக்கு யார் முதலில் பெயரை வெளியிடுகிறாரோ அந்தப் பெயர்தான் நிற்கும், அதனால் 1872-ல் கோப் வயோமிங்கிலிருந்து தந்தியிலேயே பெயரை அனுப்பினார். லோக்சோலோஃபோடான் என்று கிளம்பியது லெஃபலாஃபோடான் என்று போய்ச் சேர்ந்தது! அந்தக் குமாஸ்தாவுக்கு இவர்கள் விஞ்ஞானிகளே இல்லை, எழுத்துக்கூட்ட முடியாத வார்த்தைக்காக உயிரை விடுகிற இரண்டு பைத்தியங்கள். அவர்கள் மட்டும் கடைசிவரை சிரிக்கவே கூடாது, படு சீரியஸாக இருக்க வேண்டும்.

ஓரத்துவாசகன்:
மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும், பூர்வகுடிகளை வைத்துச் சிரிப்பு காட்டாதீர்கள், பழைய வெஸ்டர்ன்களில் பாதி அதனால்தான் இன்று படிக்க முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் கேலி கோப்பின் கணக்கு மேல்தான் விழ வேண்டும். 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில், பூர்வகுடிகளிடம் தோற்று அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டர் செத்த கொஞ்ச நாளிலேயே மொன்டானாவுக்குக் கிளம்பியவர் அவர். சண்டை போடுகிற சியூ பூர்வகுடிகள் எல்லாரும் அவர்கள் தலைவர் சிட்டிங் புல்லோடு இருப்பார்கள், நாம் போகிற பக்கம் பயமில்லை என்று சமாதானம் வேறு. மார்ஷோ, லகோட்டா என்ற சியூ பிரிவின் தலைவர் ரெட் கிளவுடுக்குக் கொடுத்த வாக்குப்படி, அவர் மக்களுக்கு அரசாங்கம் கொடுத்த கெட்டுப்போன ரேஷன் விவகாரத்தை 1875-ல் வாஷிங்டன் வரை கொண்டுபோய்ச் சண்டை போட்டவர். அவரை முழு வில்லனாக்கினால் கதை சப்பென்று போய்விடும்.

செம்மண்காடு:
காசோலை, தந்தி இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். வெடி வைக்கிற ஆசைதான் விடமாட்டேன் என்கிறது.

எலும்புப்பொறுக்கி:
அதற்கும் ஆள் இருக்கிறார். டைரன்ஃபோர்த், 1891, டெக்சஸ். அரசாங்கப் பணத்தில் பலூனும் பட்டமும் விட்டு, வானத்தில் வெடி வெடித்து மழை வரவைக்கப் பார்த்தவர். உங்கள் காலத்துக்கு ஒத்துவராது, அடுத்த கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.