ஒன்டாரியோவில் ஒன்பதாம் வகுப்பு: முதல் வருடம் மார்க்கைத் தவிர எதைப் பார்ப்பது?

செப்டம்பரில் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோர் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள்: எத்தனை மார்க் எடுத்தால் நல்ல யுனிவர்சிட்டி கிடைக்கும்? திருச்சியிலிருந்து ஸ்கார்பரோ வந்த புதிதில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பை முடித்துவிட்டாள். அந்த ஒரு வருடத்தில் பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நடுநடுவே மற்ற பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். இது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு மட்டும். ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியாவில் கணக்கு வேறு.

அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே யுனிவர்சிட்டிகள் பொதுவாகப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த ஆறு பாடங்களை. ஒன்பதாம் வகுப்பு மார்க் அந்தக் கணக்கில் வராது. அதுமட்டுமல்ல, ஒன்பதிலும் பத்திலும் ஒரு பாடத்தில் தோற்றுப்போனால் அது டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மார்க் பதிவேட்டில் ஏறாது, தேறிய பாடங்கள் மட்டும்தான் பதிவாகும். பதினொன்றிலிருந்துதான் தோல்வியும் பதிவில் நிற்கும். எட்டாவதிலேயே பத்தாவது பாடத்தை ஆரம்பித்துப் பழகிய ஊரிலிருந்து வந்த நமக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் உண்மை. தடுக்கி விழுந்தாலும் பெரிய சேதம் இல்லாத வருடம் இது. இந்த வருடத்தை மார்க் பயத்திலேயே கழிக்கவிட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

வருடத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிப்ளமாவுக்கு, அதாவது ஹைஸ்கூல் முடித்த சான்றிதழுக்கு, மொத்தம் 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 110 மணி நேரப் பாடம். வருடத்துக்கு எட்டு. பெரும்பாலான பள்ளிகளில் செப்டம்பர் முதல் ஜனவரி வரை நான்கு பாடம், பிப்ரவரி முதல் ஜூன் வரை வேறு நான்கு. இறுதி மார்க்கில் 70 சதவீதம் பருவம் முழுக்கச் செய்த வேலைக்கு, 30 சதவீதம்தான் கடைசித் தேர்வு, புராஜெக்ட் முதலியவற்றுக்கு. கடைசி இரண்டு வாரம் கண்விழித்துப் படித்துத் தூக்கிவிடும் வித்தை இங்கே பலிக்காது.

செமஸ்டர் முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணக்கு முதல் செமஸ்டரில் வந்துவிட்டால் ஜனவரியோடு முடிந்துபோகும். அடுத்த வருடம் அது இரண்டாவது செமஸ்டரில் விழுந்தால் ஒரு வருடம் கணக்கைத் தொடாமலே ஓடிவிடும். வாரத்தில் ஒருநாளாவது தொட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

இனி, புதிதாக வரும் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். இங்கே விடைத்தாள் திரும்பி வரும்போது பல பாடங்களில் ஒரே மார்க்காக வராது. அறிவு, சிந்தனை, விளக்கிச் சொல்வது, பயன்படுத்துவது என்று நான்கு பிரிவாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் படித்த பிள்ளைகள் அறிவுப் பிரிவில் அள்ளிவிடுவார்கள். விளக்கிச் சொல்வதில்தான் அடி விழும்.

மகளின் கணக்குத் தேர்வில் வந்த மாதிரி ஒரு கேள்வி சொல்கிறேன். ஒரு ஜிம்மில் சேர்க்கைக் கட்டணம் 60 டாலர், அப்புறம் மாதம் 20 டாலர். இன்னொன்றில் சேர்க்கைக் கட்டணமே இல்லை, மாதம் 35 டாலர். உன் நண்பனுக்கு எதைச் சொல்வாய், ஏன்? நம் பிள்ளை இரண்டு வரி போட்டு 'நான்கு மாதம்' என்று எழுதி முடித்துவிடும். விடை சரி. ஆனால் நான்காவது மாதத்தில் இரண்டுக்கும் 140 டாலர்தான் ஆகிறது, அதற்குக் குறைவாகப் போவதாக இருந்தால் இரண்டாவது லாபம், நீண்ட நாள் போவதாக இருந்தால் முதலாவது லாபம், நண்பன் சோம்பேறியாக இருந்தால் இரண்டாவதையே எடுக்கட்டும் என்று வரைபடம் போட்டு, வாக்கியமாக எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதை எழுதாத பிள்ளைக்கு அறிவில் முழு மார்க்கும், விளக்கிச் சொல்வதில் பாதியும் கிடைக்கும். 'கணக்கில் எதற்குக் கதை எழுத வேண்டும்?' என்று வீட்டில் ஒரே புலம்பல். நவம்பர் வாக்கில் அவளுக்கே பிடிபட்டது. காரணம் சொல்ல உட்கார்ந்தபோதுதான் சில இடங்களில் தனக்கே காரணம் தெரியவில்லை என்று புரிந்ததாம். என்னைக் கேட்டால் அந்த வருடத்தில் அவள் கண்ட பெரிய கல்வி வளர்ச்சி இதுதான், எந்த ரிப்போர்ட் கார்டிலும் இது ஒரு எண்ணாக வராது.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் இப்போது கோடிங்கும் பண நிர்வாகமும் உண்டு. 2021 முதல் எல்லோருக்கும் ஒரே கணக்குப் பாடம்தான், கெட்டிக்காரர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்ற பிரிவு போய்விட்டது. 2022 முதல் மற்ற பாடங்களிலும் அப்படியே. செமஸ்டர் முடிவில் மாகாண அளவில் ஈக்யூஏஓ என்று ஒரு கணக்குத் தேர்வு வரும், கம்ப்யூட்டரில் எழுதுவது. அதன் ஒரு பங்கை ஆசிரியர் இறுதி மார்க்கில் சேர்ப்பதும் உண்டு. அதற்கென்று தனி டியூஷன் என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துவிடுங்கள்.

"என் மகன் சென்னையில் 95 எடுத்தவன். இங்கே முதல் ரிப்போர்ட்டில் 74 வந்திருக்கிறது. டியூஷன் சேர்க்கட்டுமா அக்கா?"

பதறாதீர்கள் தம்பி. 70 முதல் 79 வரை மூன்றாம் நிலை, அதுதான் மாகாணம் எதிர்பார்க்கும் தரம். 80க்கு மேல் நான்காம் நிலை. ரிப்போர்ட்டில் அவன் மார்க்குக்குப் பக்கத்திலேயே வகுப்பின் இடைநிலை மார்க்கும் (பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் கீழ்) இருக்கும். அது 72 என்றால் உங்கள் மகன் நன்றாகத்தான் செய்கிறான். ரேங்க் என்று எதுவும் கிடையாது, ஆசிரியரிடம் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்.

டியூஷனுக்கு முன்னால் ரிப்போர்ட்டில் இன்னொன்றைப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆறு பழக்கங்களுக்குத் தனித்தனியாக எழுத்துக் குறி போட்டிருப்பார்கள்: பொறுப்பு, ஒழுங்கமைத்தல், தனியாக வேலை செய்வது, சேர்ந்து வேலை செய்வது, தானே முன்வருவது, தன்னைத் தானே சரிசெய்துகொள்வது. ஈ என்றால் மிகச் சிறப்பு, ஜி நன்று, எஸ் பரவாயில்லை, என் என்றால் முன்னேற வேண்டும். நம்மில் பலர் இதை 'நன்னடத்தை' என்று ஒதுக்கிவிட்டு மார்க்குக்குத் தாவிவிடுகிறோம். நான் தலைகீழாகச் சொல்வேன். முதல் வருடத்தில் மார்க்கை மூடிவைத்துவிட்டு இந்த ஆறையும் படியுங்கள்.

என் மகளுக்கு முதல் ரிப்போர்ட்டில் 'தானே முன்வருவது' எல்லாப் பாடத்திலும் எஸ். அவளுக்கு ஒரே குழப்பம், வகுப்பில் ஒரு வார்த்தை பேசாமல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறேனே என்றாள். விஷயமே அதுதான். நம் ஊரில் மரியாதை என்று பாராட்டு வாங்கித்தந்த அந்த அமைதியை இங்கே 'ஆர்வம் இல்லை' என்று படிக்கிறார்கள். ஆசிரியர் பேசும்போது தலையைக் குனிந்துகொண்டால், ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று நினைக்கிறார்கள். பெற்றோர் சந்திப்பில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் 'எப்படிப் படிக்கிறாள்?' என்று கேட்டால் 'நல்ல பெண்' என்று பதில் வரும், எதற்கும் உதவாது. 'முன்வருவதில் எஸ் போட்டிருக்கிறீர்கள், ஜி வாங்க அடுத்த மாதம் அவள் எதைச் செய்ய வேண்டும்?' என்று கேட்டேன். ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து, குறிப்பாக இரண்டு சொன்னார்: வாரம் ஒருமுறையாவது மதிய இடைவேளையில் வந்து புரியாததைக் கேட்கட்டும், குழு வேலையில் எழுதுவதோடு நிற்காமல் ஒரு பகுதியை அவளே வகுப்பின் முன் சொல்லட்டும்.

மதியம் போய்க் கேட்பது அவளுக்கு மலையாக இருந்தது. நேரில் முடியாவிட்டால் ஈமெயில் எழுது, ஆனால் நான் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதல் மெயிலில் மன்னிப்பு மட்டும் மூன்று வரி, கேள்வி அரை வரி. வருடக் கடைசியில் 'மூன்றாம் கேள்வியில் இரண்டாவது படி புரியவில்லை, வியாழன் மதியம் வரலாமா?' என்று எழுதும் அளவுக்கு வந்துவிட்டாள்.

"மகளை ஈஎஸ்எல் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். ஊரில் இங்கிலீஷ் மீடியம்தான் படித்தாள். சண்டை போடலாமா?"

வேண்டாம். ஈஎஸ்எல் என்பது இங்கிலீஷை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கான வகுப்பு, தண்டனை இல்லை. டிப்ளமாவுக்கு வேண்டிய நான்கு இங்கிலீஷ் கிரெடிட்டுகளில் மூன்று வரை ஈஎஸ்எல் கிரெடிட்டாக இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் மட்டும் கட்டாயம் வழக்கமான பாடமாக இருக்க வேண்டும். அங்கே சின்ன வகுப்பு, எல்லோரும் புதியவர்கள், தைரியமாக வாய் திறக்கலாம். அவளைப் போட்டிருக்கும் நிலை அவள் திறமைக்கு உண்மையிலேயே குறைவாகத் தெரிந்தால் மறு மதிப்பீடு கேளுங்கள், அவ்வளவுதான். பிரெஞ்சிலும் ஒரு கிரெடிட் கட்டாயம். ஒரு எழுத்துகூடத் தெரியாத பிள்ளைக்கு மாற்றுப் பாடம் கிடைக்குமா என்று பள்ளியில் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் கேட்கலாம்.

ஸ்கார்பரோவில் நீண்ட காலமாக இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா சேர்த்தது:

"தங்கச்சி எழுதியது எல்லாம் சரி. இரண்டு விசயம் விட்டுப்போச்சு. ஒன்று, புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவவென்றே ஸ்விஸ் என்ற திட்டத்தில் பணியாளர்கள் பள்ளிக்கூடங்களுக்கு வருவார்கள். காசு இல்லை. தமிழ் கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அலுவலகத்தில் கேளுங்கோ. மற்றது, 40 மணித்தியாலத் தொண்டு வேலை. டிப்ளமாவுக்கு அது கட்டாயம், ஒன்பதாம் வகுப்புக்கு முதல் வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். எது கணக்கில் வரும் என்று உங்கள் பள்ளி வாரியத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கோ. இன்னுமொன்று, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் ஹைஸ்கூல் கிரெடிட்டாக எடுக்கலாம். என்னுடைய மூத்தவன் அப்படித்தான் எடுத்தவன்."

நன்றி அண்ணா. அந்தத் தமிழ் கிரெடிட்டை இவளும் எடுக்கப்போகிறாள்.

படிப்புக்கு வெளியே நடந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சேர்வதில் ஒரு வசதி உண்டு. இங்கே பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகள் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் ஹைஸ்கூல் முதல் நாளில் உள்ளூர்ப் பிள்ளைகளும் வழி தெரியாமல்தான் நிற்பார்கள், நம் பிள்ளை மட்டும் தனியாகத் தெரியாது. பத்திலோ பதினொன்றிலோ வந்து சேர்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

அப்புறம், 2024 செப்டம்பரில் ஒன்பதில் சேர்ந்தவர்களிலிருந்து, ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பில் ஒரு தொழில்நுட்பப் பாடம் கட்டாயம். மரவேலை, ஆட்டோ, சமையல் என்று பள்ளிக்கு ஏற்ப இருக்கும். இவளுக்கு மரவேலை கிடைத்தது. 'ரம்பத்தைப் பிடிக்கவா கனடா வந்தோம்?' என்றார் என் கணவர். செமஸ்டர் முடிவில் அவள் செய்து கொண்டுவந்த சின்ன அலமாரி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது, அதில் இப்போது அவருடைய கார் சாவி இருக்கிறது. கையால் ஒன்றைச் செய்து, கெட்டு, திரும்பச் செய்த வேறு பாடம் அவளுக்கு அதுவரை அமைந்ததே இல்லை.

கிளப்பில் சேரச் சொல்லுங்கள். தமிழ் மாணவர் சங்கம் பல பள்ளிகளில் உண்டு, தை மாதத்தில் பொங்கல் வைப்பார்கள். அதில் மட்டும் நின்றுவிடாமல் இன்னொன்றும் இருந்தால் நல்லது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், கிளப் முடிந்து வரும் வழியை அக்டோபரிலேயே பழக்கிவிடுங்கள். வகுப்பு நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்ற விதி 2024 செப்டம்பரிலிருந்து கடுமையாகியிருக்கிறது, அதனால் பாட நேரத்தில் மெசேஜ் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று தவிக்காதீர்கள்.

வருடம் முழுக்க மாணவர்கள் தங்களைப் பற்றி ஒரு திட்டப் பதிவு வைத்திருப்பார்கள். நான்கு கேள்விகள்: நான் யார், எனக்கு என்ன வாய்ப்புகள் இருக்கின்றன, நான் யாராக ஆக விரும்புகிறேன், அதற்கு என் திட்டம் என்ன. நம் பிள்ளைகள் இதற்கு 'நான் டாக்டராகிச் சேவை செய்வேன்' என்று பேச்சுப்போட்டி நடையில் எழுதித் தள்ளுவார்கள். இவளும் செப்டம்பரில் அப்படித்தான் எழுதினாள். ஜூனில் அதையே மறுபடி பார்க்கச் சொன்னபோது எனக்கு ஒரு பத்தி மட்டும் படித்துக் காட்டினாள். கேள்வி கேட்கும்போது இன்னும் நெஞ்சு அடிக்கிறது, ஆனாலும் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். டாக்டரைக் காணோம். புவியியல் பிடித்திருக்கிறது, நகரங்கள் எப்படி வளர்கின்றன என்று படிக்க ஆசை என்றிருந்தது. என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவரே கூகுளில் நகரத் திட்டமிடல் பற்றித் தேடிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஜூனில் இந்த இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காட்டினால் படியுங்கள், காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள்.

"ஒன்பதாவது மார்க் கணக்கில் வராது என்றால் அந்த வருடத்தில் தீர்மானிக்க எதுவுமே இல்லையா?"

ஒன்று இருக்கிறது, அதில் அசட்டையாக இருக்கக் கூடாது. பிப்ரவரி வாக்கில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுப்பார்கள். பத்தில் முக்கியப் பாடங்கள் அகடெமிக் (கோட்பாடு அதிகம்), அப்ளைட் (நடைமுறை அதிகம்) என்று பிரியும். பதினொன்றில் யுனிவர்சிட்டி வழிப் பாடங்களை எடுக்கப் பொதுவாக அகடெமிக் வேண்டும். புதிதாக வந்த பிள்ளை, இங்கிலீஷ் கஷ்டம் என்று யாராவது அப்ளைட் பக்கம் தள்ளினால் காரணம் கேளுங்கள், எதை எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அப்ளைட்தான் பொருந்தும் என்றால் தாராளமாக எடுக்கட்டும், காலேஜ் வழியும் (இங்கே காலேஜ் என்றால் யுனிவர்சிட்டி அல்ல, வேலை சார்ந்த படிப்பு) நல்ல வழிதான். தெரியாமல் எடுத்ததாக மட்டும் இருக்க வேண்டாம். கவுன்சிலரைப் பார்க்க ஜனவரியிலேயே நேரம் கேட்டுவிடுங்கள், பிப்ரவரியில் அவர் கதவுக்கு வெளியே பெரிய கூட்டம் நிற்கும்.