ஃபேட்டி லிவர் என்று வந்த பிறகு இதயத்தையும் பார்த்தார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இழையைத் தொடங்கியவர்:

இதை எழுதக் காரணம் என் மச்சான், மனைவியின் அண்ணன். சிறுநீரகக் கல் வலி என்று வயிற்று ஸ்கேன் எடுத்தார். கல் வெளியேறிவிட்டது, வலியும் போய்விட்டது, அறிக்கை பீரோவுக்குள் போய்விட்டது. அந்த அறிக்கையின் கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று இருந்தது. அவரே அதைக் காட்டிக் கேட்டிருக்கிறார். "இப்போ யாருக்குத்தான் இது இல்ல, எண்ணெயைக் குறைங்க" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம். நின்றால் சரியாகிவிடும், ஏறினால் மறுபடி வரும். ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியமான ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இதய மருத்துவர் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்த ஸ்கேன் தாளில் நின்றுவிட்டார். அதே சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 260, கூடுதல்; எச்டிஎல் என்ற நல்ல கொழுப்பு 34, குறைவு. மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டி, "இது மூணும் ஒரே வியாதி சார், தனித்தனித் தாள்ல இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் நோய் இல்லை, இதய நோயும் ரத்தநாள நோயும்தான். 2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் சுமார் 58 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கல்லீரலில் தழும்பு முற்றியவர்களுக்கு அது சுமார் இரண்டரை மடங்கு. அமெரிக்க இதய சங்கம் 2022-இல் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. 2023-இல் நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 'மது சாராத' என்ற பழைய அடைமொழி போய், வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்தது என்று பெயரிலேயே வந்துவிட்டது. கல்லீரலில் கொழுப்போடு இடுப்புச் சுற்றளவு அல்லது எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் இவற்றில் ஒன்றாவது தவறியிருந்தால், வேறு காரணம் இல்லாத பட்சத்தில், அந்தப் பெயர் பொருந்தும். அந்தப் பட்டியலைப் பாருங்கள். அத்தனையும் இதய மருத்துவர் கேட்கும் கேள்விகள்.

ஃபேட்டி லிவர் என்று தெரிந்த அன்றே உங்களில் யாருக்காவது இதயத்தைப் பற்றியும் பேசினார்களா? அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ஸ்கேன் மையத்தில் வேலை செய்பவர்:

அண்ணா, இந்த 'கிரேடு' பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் பார்க்கிறேன். அல்ட்ராசவுண்டில் கல்லீரலையும் பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவருவோம். சாதாரணமாக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கொழுப்பு சேர்ந்தால் கல்லீரல் மட்டும் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். இன்னும் கூடினால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மங்கும். அதற்கும் மேலே போனால் உதரவிதானத்தின் கோடுகூடச் சரியாகத் தெரியாது. இதை வைத்துத்தான் 1, 2, 3 என்று எழுதுகிறார்கள். பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது, எடுத்து அளந்த எண் இல்லை.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தாலே நோய் என்று கணக்கு. ஆனால் எங்கள் ஸ்கேன் லேசான கொழுப்பைப் பெரும்பாலும் தவறவிடும், 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் நம்பிச் சொல்ல முடியும். ஆக, 'கிரேடு 1 தானே' என்று சொல்கிறோமே, அங்கேயே கொழுப்பு நிறையத்தான் இருக்கும்.

அப்புறம், கிரேடு தழும்பைச் சொல்லாது. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேடு 1 உள்ளவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். அதற்கு ஃபைப்ரோஸ்கேன் தனி. அதில் கல்லீரலின் இறுக்கம் கிலோபாஸ்கலில் வரும். பொதுவாக 8-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு.

ஓர் உறுப்பினர், ஆசிரியை:

எனக்குக் கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி எப்போதும் நார்மல். அதனாலேயே யாரும் கல்லீரலைப் பற்றி யோசிக்கவில்லை. ஸ்கேனில்தான் தெரிந்தது. என்சைம் நார்மலாக இருந்தாலும் ஃபேட்டி லிவர் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியவே இல்லை. என் மருத்துவர் நல்லவர், உடனே டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார், பிபி பார்த்தார், ரத்தக் கொழுப்பைப் பார்க்க லிபிட் ப்ரொஃபைலும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சியும் எழுதிக் கொடுத்தார். எச்பிஏ1சி 6.1 வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. கல்லீரல் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

தகப்பனாருக்காக எழுதுபவர்:

அப்பாவுக்குச் சர்க்கரை, கொழுப்பு இரண்டுக்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பரிசோதனையில் எஸ்ஜிபிடி 68 என்று வர, நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர், "கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைத் தின்னுடும், நிறுத்துங்க மாமா" என்று சொல்லிவிட்டார். அப்பாவும் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை, அதாவது ஸ்டாட்டினை, நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரைப் பெட்டியில் அந்த ஒரு பட்டை மட்டும் குறையாமல் இருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

கல்லீரல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இந்தப் பயத்தில் இன்னும் பல வீடுகளில் மாத்திரை நின்றுபோய்க் கிடக்கும். ஃபேட்டி லிவர் உள்ளவர் ஸ்டாட்டின் சாப்பிடலாம். சாப்பிடக் கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை. என்சைம் கொஞ்சம் கூடியிருப்பது கல்லீரலில் உள்ள கொழுப்பால், மாத்திரையால் இல்லை. உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் மாத்திரையைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலை வரும் நிலையில்தான் ஜாக்கிரதை வேண்டும். "உங்க கல்லீரலைக் காப்பாத்தறதா நினைச்சு இதயத்தைக் காவல் இல்லாம விட்டுட்டீங்க ஐயா" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் மருந்துக்கடையில் அவரே முதலில் கேட்டது அந்த மாத்திரையைத்தான்.

ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்குத்தான் ஸ்டாட்டின் அதிகம் தேவைப்படுகிறது, அவர்களுக்குத்தான் பயத்தில் கொடுக்காமல் விடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. யாராவது நிறுத்தச் சொன்னால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

மரபணு பரிசோதனை செய்துகொண்டவர்:

தொடங்கியவர் 'ஒரே வியாதி' என்று எழுதியதில் ஒரு நுட்பம் இருக்கிறது சார். எங்கள் வீட்டில் ஒல்லியானவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு. அதனால் மருத்துவர் மரபணு பார்க்கச் சொன்னார். கொழுப்பு எப்படி இதயத்தை எட்டுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கல்லீரல் தன்னிடம் சேர்ந்த கொழுப்பைச் சும்மா வைத்துக்கொண்டிருக்காது. விஎல்டிஎல் என்ற பொட்டலங்களாகக் கட்டி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் வேலை செய்யாதபோது இந்த ஏற்றுமதி தாறுமாறாகக் கூடுகிறது. ட்ரைகிளிசரைடு ஏறும், எச்டிஎல் இறங்கும், எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறிதாகி அடர்ந்து ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழையும். கூடவே, வீங்கிய கல்லீரல் அழற்சிப் புரதங்களையும் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களையும் அதிகமாகச் சுரக்கும். சர்க்கரையையும் கட்டுப்பாடில்லாமல் விடும்.

டிஎம்6எஸ்எஃப்2 என்று ஒரு மரபணு. அதில் ஒரு மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்றுமதி சரியாக நடக்காது. கொழுப்பு கல்லீரலிலேயே தங்கிவிடும். கல்லீரலுக்குக் கேடுதான், ஆனால் ரத்தத்தில் கொழுப்பு குறைவு, இதய நோயும் குறைவு. பிஎன்பிஎல்ஏ3 என்ற இன்னொன்றும் அதுபோலத்தான், கல்லீரலைப் பாதிக்கும் அளவுக்கு இதயத்தைப் பாதிப்பதில்லை. ஆக, கல்லீரலில் கொழுப்பு இருப்பது மட்டுமே இதயத்தைக் கெடுப்பதில்லை. இன்சுலின் எதிர்ப்போடு, இடுப்புச் சுற்றளவோடு, ரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வரும் கொழுப்புதான் ஆபத்து. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வருகிறது என்பதால் இந்த நுட்பத்தைச் சாக்காக வைத்துக்கொள்ள முடியாது. எனக்கே பிபியும் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்:

எனக்கு 29 வயது. கிரேடு 2 என்று வந்திருக்கிறது. எடை 90. நெஞ்சு வலி எல்லாம் இல்லை. நான் இப்போதே ஆஞ்சியோகிராம் எடுக்கணுமா அண்ணா? ரொம்பப் பயமாக இருக்கிறது.

இழையைத் தொடங்கியவர்:

வேண்டாம் தம்பி. அறிகுறி இல்லாமல் ஆஞ்சியோகிராமுக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, லிபிட் ப்ரொஃபைல் இவை போதும் இப்போதைக்கு. வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகை இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தழும்பு இருக்குமா என்று கணக்கிட ஃபிப்-4 என்று ஒன்று இருக்கிறது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு என்சைம்கள், பிளேட்லெட் நான்கையும் வைத்துப் போடுவது. 1.3-க்குக் கீழே என்றால் நிம்மதி. ஆனால் 35 வயதுக்குக் கீழே அது அவ்வளவு நம்பகமில்லை, உங்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

உங்கள் வயதில் இது திரும்பக்கூடிய நோய். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது உங்களுக்கு நாலரை கிலோ, கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம், சுமார் ஆறேகால் முதல் ஒன்பது கிலோ வரை குறைந்தால் அழற்சி தணியும், 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் பலருக்குத் தழும்புகூடக் குறைகிறது. பட்டினி கிடந்து மளமளவென்று குறைக்காதீர்கள், அது கல்லீரலுக்கே ஆகாது. இனிப்பான பானங்களை முதலில் விடுங்கள், மதுவையும்.

நடைப்பயிற்சி செய்யும் ஓர் உறுப்பினர்:

தம்பிக்கு ஒன்று. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடந்தால், தராசு முள் நகராவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும். எனக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ட்ரைகிளிசரைடு குறைந்தது, பிபி மாத்திரையின் அளவும் குறைந்தது. எடை இறங்கவில்லையே என்று நடையை விட்டுவிடாதீர்கள்.

தாயாருக்காக எழுதுபவர்:

எல்லோரும் அடைப்பைப் பற்றியே எழுதியிருப்பதால் இதைச் சேர்க்கிறேன். அம்மாவுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு எடை கூடியது, பிபி வந்தது, ஃபேட்டி லிவரும் வந்தது. நெஞ்சு வலி ஒருநாளும் இல்லை. மூச்சு வாங்கும். துணி காயப்போட மாடிக்குப் போனால் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். வயசாகிறது, உடம்பு கனத்துவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாலையில் கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிந்து நிற்பதைப் பார்த்து அக்காதான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்ப் செய்யும் அளவு 60 சதவீதம், நார்மல். அதைக் கேட்டதும் எழுந்துவிட்டோம். மருத்துவர் உட்காரச் சொன்னார். இதயம் நன்றாகச் சுருங்குகிறது, ஆனால் விறைத்துப்போய்ச் சரியாக விரிவதில்லை, அதனால் நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறுகிறது, இதுவும் இதயச் செயலிழப்புதான் என்றார். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு இந்த வகையும், இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனும் கூடுதலாக வருகின்றன என்று அவரே சொன்னார். நீர் பிரிய மாத்திரை, அதோடு சர்க்கரைக்காக வந்து இப்போது இதயத்துக்கும் கொடுக்கிற எம்பாக்ளிஃப்ளோசின். அம்மா இப்போது நிற்காமல் மாடி ஏறுகிறார்.

எடை குறையக் கொடுக்கும் செமாக்ளுடைட் ஊசி பற்றியும் கேட்டோம். அமெரிக்காவில் அதை இதய நோயுள்ள பருமனானவர்களுக்கு 2024-இலும், தழும்பு கண்ட கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு 2025-இலும் அனுமதித்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பொருந்துமா என்று கல்லீரல் மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா வயதில் யாருக்காவது இந்த ஊசி போட்டிருந்தால், குமட்டல் எப்படி இருந்தது, சாப்பிட முடிந்ததா என்று எழுதுங்கள் அக்கா, அண்ணா.