புதுப்பிப்பு: ஹெயான் ஷோடானின் 270 பாகைத் திருப்பமும் ஐந்தடி குமித்தேயும்

ஷோட்டோகான் கராத்தேயின் முதல் கட்டாவான (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஹெயான் ஷோடானையும் கோஹோன் குமித்தேயையும் (இருவர் செய்யும் ஐந்தடித் தாக்குதல்-தடுப்புப் பயிற்சி) ஒரே வாரத்தில் சேர்த்துப் பயிலலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் இரண்டு இடங்களை விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலாவது, கட்டாவின் மூன்றாவது அகே உகேயில் (மேல்நோக்கிய தடுப்பு) கியாய் (உரத்த முழக்கம்) கொடுத்த பிறகு வரும் 270 பாகைத் திருப்பம். வலது காலை அச்சாக வைத்து இடது காலை நகர்த்தும்போது பலரும் அதைப் போதுமான அகலத்துக்குக் கொண்டுபோவதில்லை. இரு பாதங்களும் ஒரே கோட்டில் விழுகின்றன. கெடான் பராய் (கீழ்நோக்கிய தடுப்பு) முடியும்போது உடல் ஆடுகிறது. தள்ளாட்டத்துக்குக் கை காரணமே அல்ல. இடது பாதத்தை இடுப்பகலத்துக்கு விலக்கி ஊன்றிய பிறகே இடுப்பைத் திருப்புங்கள். முன்காலில் சுமார் 60 சதவீத எடை, பின்முழங்கால் நீண்டு, குதிகால் தரையில்.

இரண்டாவது, குமித்தேயில் தூரம். தாக்குபவரின் ஒய் சுகி (அடி முன்வைத்து விடும் குத்து), தடுக்காவிட்டால் முகவாயில் படும் அளவு இருக்க வேண்டும். எட்டாத குத்தைத் தடுப்பது பயிற்சியே ஆகாது! தடுப்பவர் வலது காலைப் பின்வைத்து இடக்கையால் அகே உகே செய்கிறார். முன்கை நெற்றிக்கு ஒரு முஷ்டி தூரம் முன்னால் நிற்கட்டும். மூன்றாம் அடியிலிருந்து முதுகு பின்சாயத் தொடங்கும். அப்படிச் சாய்ந்தால் ஐந்தாவது தடுப்புக்குப் பின் கியாக்கு சுகிக்கு (முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் விடும் குத்து) இடுப்பின் வலு மிஞ்சாது. வேகத்தைக் குறைத்து, கால் ஊன்றுவதும் தடுப்பு முடிவதும் ஒரே கணத்தில் நிகழும்வரை செய்யுங்கள்.